பிளஸ் 2 மதிப்பெண்ணா, நீட் தேர்வா?

தமிழ்நாட்டில் 2007 முதல் 2016 வரை எம்.பி.பி.எஸ். சேர்க்கை பிளஸ் 2 மதிப்பெண்ணை வைத்து நடந்தது. 2017 முதல் நீட். இரண்டுமே பொதுத் தேர்வுகள்தான். கெடுதல் செய்யும் விதம் வேறு.

பிளஸ் 2 முறையில் மனப்பாடம் கோலோச்சியது. பல தனியார் பள்ளிகள் பதினோராம் வகுப்புப் பாடத்தை ஒதுக்கிவிட்டு, இரண்டு ஆண்டுகளும் பன்னிரண்டாம் வகுப்புப் புத்தகத்தையே உருப்போட வைத்தன. இது பெரிய குறைதான். ஆனால் வினாத்தாளை மாற்றினால் தீரக்கூடிய குறை. அதனால் நான் பிளஸ் 2 பக்கம்.

நீட்டின் குறை அப்படித் தீராது. 720 மதிப்பெண், தவறான விடைக்கு ஒரு மதிப்பெண் போய்விடும். அந்த வேகமும் உத்தியும் பெரும்பாலும் பயிற்சி மையத்தில்தான் கிடைக்கின்றன, அதற்குப் பணம் வேண்டும். நீட்டின் தாக்கத்தை ஆராயத் தமிழ்நாடு அரசு அமைத்த ஏ.கே.ராஜன் குழு 2021இல் தந்த அறிக்கையைப் பாருங்கள்: மருத்துவத்தில் சேர்ந்தவர்களில், பள்ளி முடித்து ஓராண்டாவது காத்திருந்து வந்தவர்கள் 2016-17இல் சுமார் 12 விழுக்காடு, 2020-21இல் 71 விழுக்காடு. கூலி வேலை செய்யும் வீட்டில் எந்தப் பெண்ணால் இன்னோர் ஆண்டு காத்திருக்க முடியும்?

2020இல் வந்த 7.5 விழுக்காடு உள்ஒதுக்கீடு அரசுப் பள்ளி மாணவர்களுக்கு உண்மையிலேயே கைகொடுத்தது. அரசு உதவிபெறும் பள்ளியில் தமிழ்வழியில் படித்த ஏழைப் பிள்ளைக்கு அதுவும் கிடையாது.