டொராண்டோ குளிர்காலத்தில் 10,000 லக்ஸ் விளக்கு: பல வருடப் பயன்பாட்டுக்குப் பிறகு

டிசம்பர் கடைசியில் டொராண்டோவில் சூரியன் எழ 7.50 ஆகிவிடும், மாலை ஐந்துக்கு முன்பே மறைந்துவிடும். வேலைக்குப் போவதும் திரும்புவதும் இருட்டில்தான். நவம்பர் பிறந்தாலே எனக்குக் காலையில் எழ முடியாது, பகல் முழுக்கத் தூக்கம் சொக்கும், எதிலும் மனம் ஒட்டாது. குடும்ப மருத்துவர் சொல்லித்தான் ஒளி சிகிச்சை விளக்கு வாங்கினேன். இப்போது அது இல்லாமல் எனக்குக் குளிர்காலம் இல்லை.

எழுந்ததும் அரை மணி நேரம் அதன் முன்னால் உட்காருவேன். விளக்கையே உற்றுப் பார்க்க வேண்டாம், கண் திறந்திருந்தால் போதும். முதல் வாரத்திலேயே எழுவது எளிதானது. மனச்சோர்வு குறைய இன்னும் கொஞ்சம் நாள் பிடித்தது. இரவு பத்தரைக்கெல்லாம் தானாகத் தூக்கம் வருவதுதான் பெரிய லாபம். நம் உடல் கடிகாரத்தின் ஒரு சுற்று சராசரியாக 24 மணி நேரத்தைவிடச் சில நிமிடங்கள் கூடுதல். விழித்திரையில் மெலனாப்சின் என்ற ஒளியுணர் நிறமி உள்ள செல்கள் காலை வெளிச்சத்தை உணர்ந்து மூளைக்குச் சொல்ல, கடிகாரம் தினமும் நேராகிறது. அது நடக்காவிட்டால் தூக்கம் தள்ளித் தள்ளிப் போகும். லக்ஸ் என்பது வெளிச்சத்தை அளக்கும் அலகு; சாதாரண அலுவலக வெளிச்சம் 500 லக்ஸ்தான், அதை நம்பிப் பயனில்லை.

முதலில் வாங்கிய சின்ன விளக்கில் எனக்குக் கடும் அதிருப்தி. பெட்டியில் 10,000 லக்ஸ் என்று கொட்டை எழுத்தில் இருந்தது. அது 15 செ.மீ. தூரத்தில் மட்டும் என்பது கையேட்டின் பொடி எழுத்தில். அவ்வளவு கிட்ட முகத்தை வைத்துக்கொண்டு இட்லி சாப்பிட முடியுமா? கை நீளத்துக்குத் தள்ளி வைத்தால் வெளிச்சம் பல மடங்கு குறைந்துவிடுகிறது. அடுத்த குளிர்காலத்தில் பெரிய பலகை போன்ற ஒன்றுக்கு மாறினேன், 30 செ.மீ. தள்ளி உட்கார்ந்தாலும் முழு அளவு கிடைக்கிறது. மேசையில் பாதி இடத்தை அடைக்கிறது, ஆனாலும் இதைத்தான் பரிந்துரைப்பேன்.

சாயங்காலம் போடவே வேண்டாம், தூக்கம் இன்னும் பின்னுக்குப் போகும். சனி ஞாயிறிலும் அதே நேரம்தான். விடுமுறை என்று பத்து மணி வரை தூங்கினால் திங்கட்கிழமை திணறல்தான். ஆரம்பத்தில் லேசான தலைவலி இருந்தது, நேரத்தைக் குறைத்ததும் சரியானது. விழித்திரை நோயோ இருமுனை மனநிலைக் கோளாறோ உள்ளவர்கள் மருத்துவரைக் கேட்காமல் தொடங்கவே கூடாது. அப்புறம், வாங்குவதானால் சோர்வு வரும்வரை காத்திருக்காமல் அக்டோபரிலேயே வாங்கித் தொடங்கிவிடுங்கள்.