ஆறு ஆண்டுக் கைபேசியும் அசையாத ஒரு தேதியும்

சென்ற வாரம் என் கைபேசிக்கு இரண்டாம் முறையாகப் பேட்டரி மாற்றினேன். பழுதுபார்த்தவர் பின்மூடியை ஒட்டி, ஓரங்களைக் கட்டைவிரலால் அழுத்திப் பார்த்துவிட்டு, “நல்ல போன் சார், இன்னும் ரெண்டு வருஷம் தாராளமா ஓடும்” என்று சொல்லிக் கையில் கொடுத்தார். அன்று மாலையே நண்பர் ஒருவர் அழைத்து, “உங்க பழைய போன் இன்னும் ஓடுதா? என்னுது மூணு வருஷம் ஆச்சு, ரொம்ப மெதுவா இருக்கு. மாத்திடலாமான்னு யோசிக்கிறேன்” என்றார். அவருக்கு என்ன பதில் சொல்வது என்பதில் எனக்குக் குழப்பம் இல்லை. ஆனால் என் கைபேசியைப் பற்றி அவர் கேட்டதற்கு உடனே பதில் வரவில்லை. அதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

2020ஆம் ஆண்டு வாங்கிய நடுத்தர வகை ஆண்ட்ராய்டு கைபேசி இது. அதன் மெகாபிக்சல் கணக்கையும் சிப்பின் பெயரையும் சொல்லப் போவதில்லை. ஆறு ஆண்டுகள் கழித்து அவற்றால் யாருக்கும் பயன் இல்லை. எத்தனையோ முறை கீழே விழுந்திருக்கிறது. வலது மேல் மூலையில் நூலிழை போல ஒரு கீறல் ஓடுகிறது. சாம்பல் நிறப் பின்னணியில் பார்த்தால், விசைப்பலகை தோன்றும் இடத்தில் கட்டங்களின் நிழல் மெல்லியதாகத் தெரிகிறது. ஓலெட் திரையில் ஒரே உருவம் ஒரே இடத்தில் நெடுநாள் ஒளிர்ந்தால் படியும் தடம் அது. இவை எதுவும் என்னை உறுத்தியதில்லை. பகல் வெளிச்சத்தில் எடுக்கும் படங்கள் இன்றும் எனக்குப் போதும். அழைப்பில் குரல் தெளிவாகக் கேட்கிறது. புதிய கைபேசிகள் பலவற்றில் காணாமல் போய்விட்ட இயர்போன் துளை இதில் இருக்கிறது, வேலையும் செய்கிறது.

மூன்றாம் ஆண்டின் இறுதியில் இதை ஒருமுறை கைவிட இருந்தேன். 34 சதவீதம் சார்ஜ் இருப்பதாகக் காட்டிக்கொண்டிருந்தபோது, இருட்டில் ஒரு படம் எடுக்க ஃபிளாஷோடு கேமராவை இயக்கினேன். திரை அப்படியே அணைந்துவிட்டது. சார்ஜரில் செருகி மீண்டும் இயக்கினால் 31 சதவீதம் என்றது. அதன்பிறகு இது அடிக்கடி நடந்தது. அவசர அழைப்பு ஒன்றின் நடுவே அணைந்த நாளில், பாதிக்கு மேல் சார்ஜ் இருந்தால்தான் வெளியே போவது என்ற நிலைக்கு வந்துவிட்டேன். திரையில் உள்ள எண்ணை நம்ப முடியவில்லை என்றால் அந்தக் கைபேசியை எதற்கு நம்புவது என்ற கோபத்தில் புதிய கைபேசிகளைப் பார்க்கத் தொடங்கினேன்.

நல்லவேளையாக, காரணத்தைத் தேடிப் படித்த பிறகு அவசரப்படவில்லை. லித்தியம் அயனி பேட்டரியின் உள்ளே, கிராஃபைட் மின்முனையின் மேல், ஒரு படலம் சார்ஜ் ஏற ஏறச் சிறிது சிறிதாகத் தடித்துக்கொண்டே போகிறது. அந்தப் படலம் கொஞ்சம் லித்தியத்தைத் திரும்பத் தராமல் பிடித்து வைத்துக்கொள்வதால் கொள்ளளவு குறைகிறது. கூடவே உள்மின்தடை ஏறுகிறது. கேமரா, ஃபிளாஷ், திரை மூன்றும் ஒரே கணத்தில் மின்சாரத்தை இழுக்கும்போது மின்னழுத்தம் சட்டென்று சரிந்து, கைபேசி இயங்கத் தேவையான அளவுக்குக் கீழே போய்விடுகிறது. மிச்சமிருக்கும் மின்சாரத்தைக் கேட்ட வேகத்தில் கொடுக்க முடியாமல்தான் பேட்டரி தோற்கிறது. பழைய பேட்டரி உள்ள ஐபோன்களின் வேகத்தை மென்பொருள் வழியாகக் குறைத்ததாக 2017 டிசம்பரில் ஆப்பிள் ஒப்புக்கொண்டதும் இந்தத் திடீர் அணைப்பைத் தவிர்ப்பதற்காகத்தான் என்று சொல்லித்தான். மறு ஆண்டு அந்நிறுவனம் குறைந்த கட்டணத்தில் பேட்டரி மாற்றிக் கொடுத்தது. தங்கள் கைபேசிக்கு வயதாகிவிட்டது என்று நினைத்து அதற்குள் புதியது வாங்கிவிட்டவர்களை நினைத்தால் எனக்கு இன்றும் வருத்தமாக இருக்கிறது.

2023இல் பேட்டரியை மாற்றியவுடன் கைபேசி வாங்கிய நாளின் நிலைக்குத் திரும்பியது. காலையில் நூறு சதவீதத்தோடு எடுத்தால் இரவு படுக்கும்போது நாற்பது இருந்தது. கைபேசிக்காகச் செலவழித்ததில் இவ்வளவு மனநிறைவு தந்தது வேறொன்றும் இல்லை. பேட்டரியின் ஆயுளைச் சுழற்சிக் கணக்கில்தான் சொல்கிறார்கள். முழுச் சுழற்சி என்பது நூறு சதவீதம் பயன்படுத்துவது. ஒரு நாளில் பாதியும் மறுநாள் பாதியுமாகச் செலவானால் இரண்டு நாளும் சேர்ந்து ஒரு சுழற்சி. ஐபோன் 14 வரையிலான மாடல்களில் 500 சுழற்சிகளுக்குப் பிறகும், ஐபோன் 15 முதல் 1000 சுழற்சிகளுக்குப் பிறகும் 80 சதவீதக் கொள்ளளவு மிஞ்சும்படி வடிவமைத்திருப்பதாக ஆப்பிள் சொல்கிறது. ஆக, பேட்டரி தேயும் பொருள் என்பதைச் செய்தவர்களே எழுதி வைத்திருக்கிறார்கள். செருப்பின் வார் அறுந்தால் வாரைத்தான் மாற்றுகிறோம்.

ஐந்தாம் ஆண்டில் இன்னொரு ஏமாற்றம் காத்திருந்தது. சார்ஜர் வயர் நிற்கவில்லை. செருகினால் லேசாக ஆடும், ஒரு பக்கம் சாய்த்துப் பிடித்தால்தான் சார்ஜ் ஏறும். துளையே தேய்ந்துவிட்டது, உள்ளே பலகையை மாற்ற வேண்டியிருக்கும் என்று முடிவு கட்டிவிட்டேன். கொண்டுபோய்க் காட்டியபோது பழுதுபார்த்தவர் எதையும் கழற்றவில்லை. கைபேசியை அணைத்தார், மெல்லிய மரக்குச்சி ஒன்றைத் துளையின் ஓரமாக விட்டு, நடுவில் இருக்கும் நாக்கில் படாமல் மெதுவாகக் கிளறினார். சட்டைப் பையின் பஞ்சு ஐந்து ஆண்டுகளாகப் போய்ச் சேர்ந்து, ஒவ்வொரு முறை வயரைச் செருகும்போதும் அழுந்தி அழுந்தி, கம்பளித் துணி போலக் கெட்டியான சாம்பல் நிறக் கட்டியாக வெளியே வந்தது. விரல்நகத்தில் பாதி அளவு இருக்கும். வயரைச் செருகினார், “டக்” என்று உட்கார்ந்தது. அந்த ஓசையை ஐந்து ஆண்டுக்கு முன் கேட்டது. கைபேசியை மாற்ற நினைக்கும் யாராக இருந்தாலும் முதலில் அந்தத் துளைக்குள் ஒரு டார்ச் அடித்துப் பார்த்துவிடுங்கள் என்று மன்றாடிக் கேட்டுக்கொள்கிறேன்.

மெதுவாக இருக்கிறது என்ற குறைக்கும் பல நேரங்களில் வயது காரணமாக இருப்பதில்லை. இந்தக் கைபேசியின் சேமிப்பிடம் 64 ஜிபி. அது நிரம்பி வழிந்துகொண்டிருந்த காலத்தில் விசைப்பலகை தோன்றவே இரண்டு மூன்று நொடி ஆனது. கைபேசியின் சேமிப்பிடம் ஃபிளாஷ் நினைவகம் என்ற வகையைச் சேர்ந்தது. அதில் பழையதன் மேலேயே நேராக எழுத முடியாது. ஒரு தொகுதியை முழுதாக அழித்துவிட்டுத்தான் மறுபடி எழுத வேண்டும். காலியிடம் இல்லாவிட்டால் ஒவ்வொரு சிறு எழுத்துவேலைக்கும் உள்ளே இடமாற்றம் நடக்கிறது. பழைய காணொளிகளை வேறிடத்துக்கு மாற்றி 15 ஜிபி காலியாக்கியதும் அந்தத் தாமதம் பெரும்பாலும் போய்விட்டது.

இவ்வளவு பாராட்டியபின் என் மனத்தாங்கலுக்கு வருகிறேன். அமைப்புகளில் மென்பொருள் புதுப்பிப்பு என்ற பக்கம் இருக்கிறது. அதில் பாதுகாப்புப் புதுப்பிப்பின் தேதி 2024 மே 1 என்று இருக்கிறது. நான் ஒவ்வொரு மாதத் தொடக்கத்திலும் போய், புதுப்பிப்பு இருக்கிறதா என்று பார்க்கும் பொத்தானை அழுத்துகிறேன். ஒரு வட்டம் சுழன்று, பச்சை நிறத்தில் ஒரு சரிக்குறி தோன்றி, “உங்கள் சாதனம் புதுப்பித்த நிலையில் உள்ளது” என்ற வரி வருகிறது. ஏறக்குறைய இரண்டு ஆண்டுகளாக அதே தேதி, அதே சரிக்குறி, அதே வரி.

அந்தத் தேதி நின்றுபோனதன் பொருளைப் பலர் அறிவதில்லை. 2015 ஆகஸ்டு முதல் ஆண்ட்ராய்டின் பாதுகாப்பு ஓட்டைகள் மாதந்தோறும் வெளிப்படையாகப் பட்டியலிடப்பட்டு அடைக்கப்படுகின்றன. புதுப்பிப்பு கிடைக்கும் கைபேசிக்கு அந்தப் பட்டியல் மருந்து. கிடைக்காத கைபேசிக்கோ, எந்தக் கதவு திறந்திருக்கிறது என்று திருடனுக்கு எழுதிக் கொடுத்த சீட்டு. ஃப்ரீடைப் என்ற மென்பொருள் தொகுப்பு திரையில் எழுத்துகளை வரைந்து காட்டும் வேலையைச் செய்கிறது. அதில் இருந்த ஓர் ஓட்டையை யாரோ ஏற்கெனவே பயன்படுத்தி வருவதாக 2025 மார்ச்சில் வெளியே தெரிந்தது. மே மாதப் புதுப்பிப்பில் அது அடைக்கப்பட்டது. பாதிக்கப்பட்ட பதிப்புகளில் என் கைபேசியில் உள்ள ஆண்ட்ராய்டு 13உம் ஒன்று. என் தேதி அதற்கு ஓராண்டு முன்பே நின்றுவிட்டது. கண்முன் இருக்கும் எழுத்துகளை வரையும் பகுதியிலேயே ஓட்டை திறந்து கிடக்க, பச்சைச் சரிக்குறி காட்டி எல்லாம் சரியாக இருக்கிறது என்று சொல்வதை என்னால் ஏற்க முடியவில்லை.

நியாயமாகப் பேச வேண்டும் என்பதால் மறுபக்கத்தையும் சொல்கிறேன். மூன்று ஆண்ட்ராய்டு பதிப்புகள், நான்கு ஆண்டுப் பாதுகாப்புப் புதுப்பிப்புகள் என்று நிறுவனம் வாக்குக் கொடுத்தது. 10ஆம் பதிப்போடு வந்த கைபேசி 13 வரை உயர்ந்தது, நான்கு ஆண்டுகளும் நிறைவாகக் கிடைத்தன. அதற்கு மேல் தர வேண்டுமானால் சிப் தயாரிப்பாளரும் தன் டிரைவர்களை, அதாவது சிப்பை இயக்கும் சிறு மென்பொருள்களை, தொடர்ந்து திருத்திக் கொடுக்க வேண்டும். கைபேசி நிறுவனத்தால் தனியாக முடிகிற காரியம் இல்லை. புதுப்பிப்பு நின்ற அன்றே எல்லாம் பாழாகிவிடுவதும் இல்லை. குரோம் உலாவி இன்றும் பிளே ஸ்டோர் வழியாகப் புதுப்பிக்கப்படுகிறது; ஆண்ட்ராய்டு 10 முதல் இயங்குதளத்தின் சில உள்பகுதிகளும் அந்த வழியாகவே வருகின்றன. இயங்குதளத்தின் மையமான கெர்னல், அலைபேசி இணைப்பைக் கையாளும் மோடத்தின் மென்பொருள், சிப் டிரைவர்கள் மட்டும் அந்த வழியில் வருவதில்லை. லினியேஜ்ஓஎஸ் போன்ற மாற்று இயங்குதளத்தை நிறுவிப் பார்க்கலாமா என்றும் யோசித்தேன். அதற்கு, இயங்குதளத்தைத் தொடங்கிவைக்கும் பூட்லோடர் என்ற மென்பொருளின் பூட்டைத் திறக்க வேண்டும். திறந்துவிட்டால் பல வங்கிச் செயலிகள் இயங்க மறுத்துவிடும் என்பதால் விட்டுவிட்டேன்.

எனவே புதுப்பிப்பு நின்றதற்காக நான் யாரையும் குறைசொல்லவில்லை. என் கோபம் அந்த ஒற்றை வரியின் மேல். “இந்தக் கைபேசிக்கு இனிப் பாதுகாப்புப் புதுப்பிப்புகள் வராது” என்று கடைசிப் புதுப்பிப்பிலேயே ஓர் அறிவிப்பை வைத்திருக்கலாம். அதற்குப் புதிய சிப்போ டிரைவரோ தேவையில்லை. தொழில்நுட்பம் தெரியாத எத்தனை பேர் அந்தச் சரிக்குறியைப் பார்த்து நிம்மதியாகத் தங்கள் சேமிப்பை அந்தக் கைபேசியில் வைத்திருப்பார்கள்! என் அம்மா தன் கைபேசியில் அந்த வரியை எனக்கு எடுத்துக்காட்டி, “எல்லாம் சரியாத்தானே இருக்கு?” என்று கேட்டபோது எனக்குத் தொண்டை அடைத்துவிட்டது. அவர் கைபேசியின் தேதி 2022.

இப்போது நிலைமை மேம்பட்டிருக்கிறது. 2023 அக்டோபரில் பிக்சல் 8 தொடருக்குக் கூகுளும், 2024 ஜனவரியில் கேலக்சி எஸ்24 தொடருக்குச் சாம்சங்கும் ஏழு ஆண்டுப் புதுப்பிப்புகளை அறிவித்தன. ஐரோப்பிய ஒன்றியத்தில் 2025 ஜூன் 20 முதல், 800 சுழற்சிகளுக்குப் பிறகும் 80 சதவீதம் தாங்கும் பேட்டரி, விற்பனை நின்றபின் ஏழு ஆண்டுகள் வரை உதிரிபாகங்கள் என்று விதியே வந்துவிட்டது. ஆனால் மலிவான கைபேசிகளுக்கு இன்னும் குறைந்த ஆண்டுகளே தருகிறார்கள். அந்த ஆண்டுகளும் பொதுவாக மாடல் வெளியான நாளிலிருந்தே எண்ணப்படுகின்றன, நாம் வாங்கிய நாளிலிருந்து அல்ல. இரண்டு ஆண்டுப் பழைய மாடலை விலை குறைந்தபின் வாங்குகிறவர் இரண்டு ஆண்டுப் பாதுகாப்பை இழந்துதான் வாங்குகிறார்.

நண்பருக்கு நான் சொன்ன பதில்: மாற்றாதீர்கள். உங்களுடையது மூன்று ஆண்டுதான் ஆகியிருக்கிறது, அதற்குப் புதுப்பிப்பு இன்னும் வந்துகொண்டிருக்கிறது. பேட்டரியை மாற்றுங்கள், துளையைச் சுத்தம் செய்யுங்கள், இருபது சதவீத இடத்தைக் காலியாக விடுங்கள், ஒரு மாதம் பொறுத்துப் பாருங்கள். பின்மூடி உப்பியிருந்தால் மட்டும் ஒரு நாளும் தாமதிக்க வேண்டாம். பேட்டரிக்குள் வாயு சேர்ந்திருக்கிறது என்று பொருள், அதை அழுத்தவோ சார்ஜ் செய்யவோ கூடாது.

நான் மாற்றப் போகிறேன். புதிய பேட்டரி போட்டு ஒரு வாரம்தான் ஆகிறது, எந்தப் பாகமும் கெடவில்லை, பழுதுபார்த்தவர் கொடுத்த இரண்டு ஆண்டும் கையில் இருக்கிறது. இருந்தும் இந்த மாதமே மாற்றுகிறேன். வங்கிச் செயலியைத் திறக்கும் ஒவ்வொரு முறையும் அந்தத் தேதி நினைவுக்கு வருகிறது. நினைவுக்கு வந்தபின் கடவுச்சொல்லை உள்ளிட விரல் தயங்குகிறது. நேற்று வங்கிச் செயலியையும் மின்னஞ்சல் கணக்குகளையும் இதிலிருந்து நீக்கினேன். எல்லாவற்றையும் அழித்து, சிம் இல்லாமல், பாட்டுகளையும் சில மின்னூல்களையும் மட்டும் ஏற்றி இதை வைத்துக்கொள்வேன். இயர்போன் துளை இருக்கிறது, பேட்டரி புதியது. அந்த வேலைக்கு இதைவிட நல்ல கருவி எனக்குக் கிடைக்காது.

அம்மாவுக்கும் ஒன்று சேர்த்து வாங்குகிறேன். இரண்டு பெட்டிகளின் மூடியிலும், உட்புறத்தில், கடைசிப் புதுப்பிப்பு வரும் ஆண்டையும் மாதத்தையும் பெரிய எழுத்தில் எழுதி வைப்பேன். 2020இல் வாங்கிய பெட்டி இன்னும் அலமாரியில்தான் இருக்கிறது. அதன் மூடியில் ஒன்றும் எழுதவில்லை.