மாரிக்கு முன் வகுப்பில் எதைச் செய்வது: பலூன் பாரமானியா, கைப்பேசியா, மழைமானியா?

மட்டக்களப்பு, அம்பாறைப் பாடசாலைகளில் வானிலைச் செயற்றிட்டம் என்றதும் தரம் 7, 8 பிள்ளைகள் பெரும்பாலும் தேடுவது காற்றின் அமுக்கத்தைக் காட்டும் பலூன் பாரமானியைத்தான். கண்ணாடிப் போத்தலின் வாயில் வெட்டிய பலூனை இழுத்துக் கட்டி, நடுவில் ஓர் உறிஞ்சுகுழலை ஒட்டினால் வேலை முடிந்தது. வெளி அமுக்கம் குறைய, பலூன் மேலே புடைத்துக் குழலின் நுனி கீழே இறங்கும். கொள்கையில் பிழையில்லை. ஆனால் அடைபட்ட காற்று சூட்டுக்கும் விரியும். வெப்பநிலை 1 பாகை செல்சியஸ் கூடினாலே, அமுக்கம் ஏறக்குறைய 3.4 ஹெக்டோபாஸ்கல் (அமுக்கத்தின் அலகு) குறைந்தது போலக் காட்டும். காலையில் 27 பாகையாக இருந்த வகுப்பறை மதியம் 31 ஆனால், கச்சான் காற்று வீசும் வெயில் நாளிலும் குழல் சூறாவளி என்று சொல்லும்! போத்தலைத் தண்ணீர் வாளியில் கழுத்தளவு வைத்து, காலையில் மட்டும் வாசித்தால் பிழை குறையும். எனினும் சில நாட்களில் பலூன் வழியே காற்றுக் கசிந்துவிடும். அமுக்கம் என்றால் என்ன என்று காட்ட இது போதும், கண்காணிக்கப் போதாது.

அமுக்க உணரி உள்ள கைப்பேசி இதைவிட எவ்வளவோ மேல். விலை குறைந்தவற்றில் பெரும்பாலும் அந்த உணரி இருக்காது. செயலியோ இணையத்திலிருந்து ஓர் எண்ணை எடுத்துக் காட்டிக்கொண்டிருக்கும். சோதிக்க மூன்றாம் மாடிக்கு ஏறுங்கள். ஏறக்குறைய 9 மீற்றருக்கு 1 ஹெக்டோபாஸ்கல் குறைந்தால் உணரி உண்டு.

பலர் தவறுவது வாசிப்பில். நம் பகுதியில் அமுக்கம் தினமும் காலை 10 மணியளவில் உச்சத்துக்குப் போய், மாலை 4 மணியளவில் 3 அல்லது 4 ஹெக்டோபாஸ்கல் இறங்கும். இது வழமை. காலை எண்ணை மாலை எண்ணோடு ஒப்பிட்டால் நாள்தோறும் புயல்தான். இன்றைய 10 மணியை நேற்றைய 10 மணியோடு ஒப்பிடுங்கள். வழமையைவிட 3 குறைந்தால் சந்தேகம், 5 குறைந்தால் அருகில் தாழமுக்கம் என்பது கடலோடிகளின் பழைய கணக்கு. அது எந்தப் பக்கம் என்றறிய, காற்றுக்கு முதுகு காட்டி நில்லுங்கள்: இடது கைப்பக்கம். வாடை வடக்கிலிருந்து வீசினால் இடப்பக்கம் கடல்தான்.

ஆனால் அமுக்கம் மழையின் அளவைச் சொல்லாது. 1978 நவம்பர் 23 இல் மட்டக்களப்பைப் புரட்டியது சூறாவளிக் காற்று. 2024 நவம்பர் இறுதியில் அம்பாறை வெள்ளத்தில் மூழ்கியபோதோ, பின்னர் ஃபெங்கல் எனப் பெயர் பெற்ற புயல் இன்னும் சூறாவளியாகவில்லை, கரையோரம் நகர்ந்த தாழமுக்கம்தான். அதனால் ஒன்றுதான் செய்ய முடியும் என்றால் எங்கள் தெரிவு மழைமானி.

பக்கம் நேரான 1.5 லீற்றர் சோடாப் போத்தலைத் தோள் தொடங்கும் இடத்தில் வெட்டி, மேற்பகுதியைத் தலைகீழாகப் புனலாக்குங்கள். அடிக்குழிகளைக் கூழாங்கல்லும் தண்ணீரும் இட்டு நேர்ப்பகுதிவரை நிரப்பி, அங்கே பூச்சியம் குறியுங்கள். அதற்கு மேல் அடிமட்டத்தின் மில்லிமீற்றர்தான் மழையின் மில்லிமீற்றர். 1 மில்லிமீற்றர் என்றால் ஒரு சதுர மீற்றருக்கு 1 லீற்றர். வரிவரியான போத்தல் பிழை காட்டும். கட்டைக் கம்பத்தில் கட்டி, தென்னையின் உயரத்தைப்போல் இரு மடங்கு தள்ளி நடுங்கள். வளிமண்டலவியல் திணைக்களம் போல் காலை 8.30 க்கு வாசித்தால் அவர்களின் மட்டக்களப்பு எண்ணோடு நேரே ஒப்பிடலாம். கடும் மாரியில் போத்தல் நிரம்பி வழியலாம், மாலையிலும் அளந்து ஊற்றுங்கள். மேல்நிலத்தில் பெய்து கல்லோயா ஆற்றின் வழியே வரும் வெள்ளத்தை இது காட்டாது.

ஏப்ரலிலும் ஒக்டோபரிலும் பின்னேரம் வாவிக்கு மேற்கே படுவான்கரைப் பக்கம் கறுத்து வரும் இடிமழைக்கு மூன்றுமே உதவாது. அதிலிருந்து இறங்கும் குளிர்காற்று அமுக்கத்தைத் திடீரென ஏற்றவும் கூடும். அங்கே காதுதான் கருவி. மின்னலுக்கும் இடிக்கும் இடையே எண்ணும் செக்கன்களை 3 ஆல் வகுத்தால் கிலோமீற்றர். 30 செக்கனுக்குள் இடி கேட்டால் வயலிலோ வாவியிலோ நிற்காமல் கட்டடத்துக்குள் போய், கடைசி இடிக்குப் பின் 30 நிமிடம் உள்ளேயே இருங்கள்.