1,480 யூரோ: அகல ரயருக்கு ஆசைப்பட்டு ஏமாந்த கதை

கை நடுங்க நடுங்கத்தான் எழுதுகிறேன், எழுத்துப் பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். நேற்றுப் பின்னேரம் வரைக்கும் கதைத்துத் தீர்க்கலாம் என்று நம்பிக்கொண்டிருந்தேன். இப்போது நம்பிக்கை இல்லை. 1,480 யூரோ போய்விட்டது. ஜேர்மனியில் பழைய கார் வைத்திருக்கிற எங்கட சனம் கொஞ்சப் பேர்தான். ஆனால் வெயில் காலம் வந்தால் அகல றிம் போடுகிற ஆசை எல்லாருக்கும் வரும். அவர்களுக்காகத்தான் இது. வாங்குமுன் என்னென்ன பார்க்க வேண்டும் என்று கடைசியில் விபரமாக எழுதுகிறேன்.

என்னிடம் இருப்பது 1984ஆம் ஆண்டு மேர்சிடிஸ் 300 டி.டி., அதாவது டபிள்யூ 123 வரிசையின் ஸ்ரேசன் வாகன். பென்ஸ் தன் தொழிற்சாலையிலேயே செய்து விற்ற முதல் ஸ்ரேசன் வாகன் இதுதான். 1978 முதல் 1986 வரை பிறேமனில் செய்தார்கள். மூன்று லீற்றர் டீசல், 88 குதிரைவலு. ஏற்றத்தில் லொறிக்காரனும் முந்திப் போவான், ஆனால் வழியில் நிற்காது. ஹம் நகரத்துக் காமாட்சி அம்பாள் கோயில் தேருக்கு வருடா வருடம் கிடாரம், வாழைக்குலை, மாமி எல்லாவற்றையும் ஏற்றிக்கொண்டு போகிற வண்டி. முப்பது வயது தாண்டியதால், பழமையான கார்களுக்குக் கொடுக்கிற எச் எழுத்துப் போட்ட இலக்கத்தகடு. அதில் எத்தனை பெரிய விசயம் தொங்கிக்கொண்டிருக்கிறது என்று அப்போது நான் யோசிக்கவில்லை.

14 அங்குலச் சில்லு, 195 ரயர். "அப்பா, கொக்குக் கால் மாதிரி இருக்கு" என்று மகன் சொல்லிக்கொண்டே இருந்தான். பழைய சாமான் விற்கிற இணையத்தளம் ஒன்றில் தேடினேன். 17 அங்குல றிம், 7.5 அங்குல அகலம், 215/45 ரயரோடு, "டபிள்யூ 123க்குப் பொருந்தும், பத்திரம் உண்டு" என்று ஒரு விளம்பரம். எந்தக் காருக்கு அந்த றிம்மைப் பூட்டலாம் என்று எழுதியிருக்கிற பத்திரம். எடுத்துக் கதைத்தால் எதிரில் தமிழ்க் குரல். தொழிற்பேட்டைக்குள் சின்னக் கராஜ் வைத்திருக்கிறாராம்.

விழுந்த இடம் இதுதான். விலையைக் கேட்டு விழவில்லை, றிம்மின் மினுக்கத்தைப் பார்த்து விழவில்லை. "அண்ணை, உங்கட காரைத் தேரில கண்டனான், பச்சைக் கார்தானே? அந்தக் காருக்கு நான் பிழையான சாமான் தருவனா?" என்றார். பச்சைதான். அதோடு என் வாய் அடைத்துவிட்டது. பின்னால் ஆட்களும் சாமானும் ஏறினால் உரசாதா என்று மட்டும் கேட்டேன். "உங்கட காருக்குப் பின்னுக்கு ஐதரோலிக் அண்ணை, பாரம் ஏறினால் தானே உயர்த்தும். யோசிக்காதேங்கோ" என்றார். ஐதரோலிக் இருப்பது உண்மை, அது உயர்த்துவதும் உண்மை. அது மெல்ல மெல்ல வேலை செய்கிற சாமான், குழியில் விழும்போது சில்லு மேலே பாய்வதை அது தடுக்காது என்பதை அவர் சொல்லவில்லை. பாதி உண்மையைப் போலப் பொல்லாத பொய் கிடையாது.

றிம்மும் ரயரும் 1,180. பூட்டுகூலியும், சில்லை வெளியே தள்ளுகிற ஸ்பேசர் தட்டும் 300. மொத்தம் 1,480 யூரோ. 1,180ஐக் கைத்தொலைபேசியில் "நண்பருக்கு அனுப்புகிறேன்" என்ற வழியாக அனுப்பச் சொன்னார், கட்டணம் மிச்சமாம். அந்த வழியில் அனுப்பினால் வாங்குபவருக்குப் பாதுகாப்பே இல்லை என்று எனக்குத் தெரியும். தெரிந்தும் அனுப்பினேன். 300ஐக் கையில் கொடுத்தேன். பில் கேட்கவில்லை. கழற்றின பழைய அலுமினிய றிம் நாலையும், எங்கட ஆட்கள் "பாறொக்" என்று சொல்கிற அசல் பென்ஸ் றிம்மை, "இந்தக் குப்பையை வீட்ட கொண்டு போய் என்ன செய்யப் போறியள்? இங்க கிடக்கட்டும்" என்றார். விட்டுவிட்டு வந்தேன்.

மூன்றாம் கிழமை குடும்பத்தோடு வரும்போது 90இல் ஸ்ரேறிங் உதறத் தொடங்கியது. குழியில் விழும்போதெல்லாம் பின் இடப்பக்கம் கரகரவென்று உரசல். ஓரம் கட்டி இறங்கிப் பார்த்தால் முன் சில்லில் ஒரு போல்ற் விரலால் சுழற்றக்கூடிய அளவில் நிற்கிறது. பின்னால் இரண்டு பிள்ளைகள். இதை எழுதும்போதும் வயிறு பிசைகிறது.

உடனே அவருக்கு எடுத்தேன். "50 கிலோமீற்றர் ஓடிப்போட்டுத் திருப்பி இறுக்க வேணும் எண்டு சொன்னனான் தானே." சொல்லவே இல்லை. பிறகு "வெளியில நிக்கிறன் அண்ணை." பிறகு "சனிக்கிழமை வாங்கோ." சனிக்கிழமை போனேன், ஷட்டர் பூட்டு. அடுத்த கிழமை "அதை நான் விற்கேல்லை, என்ர கூட்டாளி விற்றவன்." பில் கேட்டால் "தெரிஞ்ச ஆட்களுக்குள்ள பில்லோ?" இப்போது செய்தி போனால் இரண்டு நீலக் கோடு மட்டும் வருகிறது. தேரில் என் காரைக் கண்ட மனிதருக்கு என் செய்தி கண்ணில் படுவதில்லை.

நேற்று வாகனச் சோதனை நிலையத்துக்குக் கொண்டுபோனேன். அந்த வெள்ளைக்காரப் பரிசோதகர் பொறுமையான மனிதர், ரோச் லைற்றோடு படுத்துப் பார்த்தார். எழும்பி றிம்மோடு வந்த பத்திரத்தை விரித்து ஒரு வரியில் விரலை வைத்தார். பத்திரம் டபிள்யூ 124க்கு. அடுத்த தலைமுறைக் கார். றிம்முக்குப் பத்திரம் உண்டு என்பது உண்மை, என் காருக்கு இல்லை. இரண்டு காருக்கும் போல்ற் போகிற ஐந்து துளை, 112 மில்லிமீற்றர் வட்டம் ஒன்றுதான், அதனால் பூட்டினால் பூட்டுப்படும். ஆனால் றிம்மில் குத்தியிருப்பது ஈ.ரி. 35. இந்த எண் கூடக் கூடச் சில்லு காருக்குள்ளே போகும். என் காரின் அசல் றிம்களில் அதைவிடக் குறைவாகத்தான் வரும். அகலமும் கூட என்பதால் சில்லு இரண்டரை சென்ரிமீற்றர் அளவில் உள்ளே போய்விடும். அதை மறைக்கத்தான் 20 மில்லிமீற்றர் ஸ்பேசர். இப்போது வெளிப்பக்கம் மூன்று சென்ரிமீற்றர் தள்ளி நிற்கிறது, மட்கார்ட்டில் உரசுகிறது.

போல்ற் கதை இன்னும் மோசம். பென்ஸின் அசல் போல்ற்றுக்கு உருண்டைத் தலை. இந்த றிம்மின் துளை கூம்பு வடிவம். உருண்டையைக் கூம்புக்குள் இறுக்கினால் ஒரு மெல்லிய கோட்டில்தான் பிடிக்கும், ஓட ஓடத் தளரும். றிம்மின் நடுத்துளை 72.6 மில்லிமீற்றர், அதற்குள் உட்காருகிற என் காரின் ஹப் 66.6. இடையில் வரவேண்டிய வளையம் இல்லை, சுற்றிவர 3 மில்லிமீற்றர் வெற்றிடம். உதறாமல் என்ன செய்யும்?

ரயரில் பார எண் 87, அதாவது ஒரு ரயர் தாங்குவது 545 கிலோ. இரண்டும் சேர்ந்து 1,090. என் காரின் பதிவுப் பத்திரத்தில் பின் அச்சுக்கு அதைவிடக் கூட எழுதியிருக்கிறது. சாமான் ஏற்றுகிற வண்டிக்குச் சாமான் தாங்காத ரயர்!

"இப்படியே ஓட்டினால் ஓடுவதற்கான அனுமதியே செல்லாது, காப்புறுதியும் கேள்வி கேட்கும்" என்றார் பரிசோதகர். எச் தகடும் போகுமாம், அந்தக் காலத்துக்குரிய தோற்றம் இருந்தால்தான் அது. எச் இருந்தால் வருட வரி 191 யூரோ. இல்லாவிட்டால் இந்தப் பழைய டீசலுக்கு ஆயிரத்து நூறுக்கு மேல். புகை கூடிய வண்டிகளை விடாத நகரத்துச் சூழல் வலயத்துக்குள்ளும் போக முடியாது. அசல் றிம்மைப் பூட்டிக்கொண்டு வாருங்கள், எல்லாம் சரி என்றார். அந்த அசல் றிம்தான் என்னிடம் இல்லையே.

விபரமாக எழுதுகிறேன் என்றேன், இப்போது பொறுமை இல்லை. றிம்மின் உள்பக்கம் குத்தியிருக்கிற இலக்கத்தைப் படம் எடுங்கள். பத்திரத்தில் உங்கள் கார் மொடல் இருக்கிறதா என்று காசு கொடுக்குமுன் வாசியுங்கள். பூட்டுமுன் பரிசோதகரிடம் ஒரு வார்த்தை கேளுங்கள். "நண்பருக்கு" என்று காசு அனுப்பாதீர்கள். கழற்றினதை வீட்டுக்குக் கொண்டு வாருங்கள், நிலவறையில் இடம் இல்லாவிட்டால் கட்டிலுக்குக் கீழே வையுங்கள்.

இன்று விடிய அதே இணையத்தளத்தில் "பாறொக் றிம், டபிள்யூ 123, நாலு, 650 யூரோ" என்று ஒரு விளம்பரம். இரண்டாவது படத்தில் றிம் ஓரத்தில் பிறை மாதிரி ஒரு கீறல். போன வருடம் கோயில் வாசல் கல்லில் நான் உரசின கீறல். வேறு பெயரில் "இன்னும் இருக்கா?" என்று கேட்டு எழுதியிருக்கிறேன். இரண்டே நிமிசத்தில் பதில் வந்தது: "ஓம் அண்ணை, யோசிக்காதேங்கோ."