‘பிளக்கைச் சொருகினால் போதும்’ என்று விற்ற கடல் மீன் தொட்டி: 27,800 ரூபாய் போன கதை

சின்னதாக ஒரு மரைன் டேங்க் வாங்கலாம் என்று யோசித்துக்கொண்டிருப்பவர்கள், கடைக்குக் கிளம்பும் முன் இதைப் படித்துவிடுங்கள். கடையின் பெயரைச் சொல்லப் போவதில்லை. சொன்னால் அந்த ஒரு கடையைத் தவிர்த்துவிட்டு அடுத்த கடையில் இதே மாதிரி ஏமாறுவீர்கள்.

பத்து வருடமாக வீட்டில் நன்னீர் மீன் வளர்க்கிறேன். கப்பி, ஏஞ்சல், கொஞ்ச நாள் டிஸ்கஸ்கூட. அந்த மிதப்பு எனக்கு இருந்தது என்பதை முதலிலேயே ஒப்புக்கொள்கிறேன். ஏப்ரல் கடைசியில் ஒரு சனிக்கிழமை மகளைக் கூட்டிக்கொண்டு கொளத்தூர் போனேன். சென்னையில் வண்ண மீன் என்றால் அங்கேதான் போவோம், தெரு தெருவாகக் கடைகள். ஒரு கடையில் நீல விளக்கு வெளிச்சத்தில் பளபளவென்று ஒரு தொட்டி. ஒன்றரை அடி நீளம், ஓரம் தெரியாத கண்ணாடி. பின்பக்கம் கறுப்புத் தடுப்பு, அதற்குள் மூன்று அறைகள்: ஒன்றில் ஸ்பாஞ்ச், அடுத்ததில் பயோ பால் (பாக்டீரியா தங்கி வளரும் பிளாஸ்டிக் பந்துகள்), கடைசியில் மோட்டார். விளக்கும் கூடவே வருகிறது. “ஆல் இன் ஒன் சார். எல்லாமே உள்ளயே இருக்கு. பிளக்கைச் சொருகினா போதும்” என்றார் கடைக்காரர்.

இந்த அமைப்பில் தப்பு எதுவும் இல்லை. கீழே தனியாக சம்ப் (தண்ணீரை வடிகட்டும் இன்னொரு தொட்டி) வைத்து, குழாய் இழுத்து, கசிவுக்குப் பயப்படுவதைவிட முதல் தடவை செய்கிறவருக்கு இது சுலபம்தான். பெட்டியோடு சேர்த்து என் தலையில் கட்டிய மற்றதெல்லாம்தான் மோசம்.

முதலில் அளவு. நாற்பது லிட்டர் தொட்டி என்று விற்றார். பெட்டியிலும் அப்படித்தான் அச்சடித்திருக்கிறது. 45, 30, 30 சென்டிமீட்டர் என்று வெளிப்பக்கத்தை அளந்து பெருக்கினால் நாற்பது லிட்டர் வரும்தான். ஆனால் கண்ணாடியின் கனம் போக, தண்ணீரை விளிம்பு வரை நிரப்ப முடியாததால் மேலே விடும் மூன்று நான்கு சென்டிமீட்டரும் போக, உள்ளே நிற்பது 33 லிட்டர். கல்லும் மணலும் போட்டபின் 29 லிட்டர் இருந்தால் அதிகம். அதிலும் பின் அறைகளில் இருப்பது போக மீன் நீந்த மிஞ்சுவது எவ்வளவு என்று கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள். கடல் தொட்டியில் தண்ணீர் எவ்வளவு குறைவோ அவ்வளவு வேகமாக எல்லாம் கெடும். பெரிய தொட்டியில் ஒரு வாரம் எடுக்கும் கேடு இதில் ஒரே ராத்திரியில் நடந்துவிடும். ‘சின்னது என்றால் சுலபம்’ என்ற பேச்சே தலைகீழ்.

அடுத்தது ஹீட்டர். சிரிக்காதீர்கள். சென்னையில், கத்திரி வெயில் தொடங்கும் வாரத்தில், எனக்கு நூறு வாட் ஹீட்டர் ஒன்று விற்றார். நானும் வாங்கினேன். பவளத்தோடு வாழும் மீன்களுக்கு 25, 26 டிகிரி வேண்டும். 30க்கு மேல் நாள்கணக்கில் நின்றால் பவளம் வெளுத்துப்போகலாம். என் வீட்டுக் கூடத்தில் மதியம் தொட்டித் தண்ணீர் 32.5. மோட்டாரும் விளக்கும் தங்கள் பங்குக்குச் சூடு சேர்த்தன. தண்ணீர் மேல் சின்ன மின்விசிறி வைத்தால் ஆவியாகிக் குளிரும் என்பார்கள். நம் ஊர்க் காற்றில் ஏற்கெனவே ஈரம் நிரம்பிக் கிடப்பதால் எனக்கு இரண்டு டிகிரிக்கு மேல் இறங்கவில்லை. இங்கே தேவை தண்ணீரைக் குளிரவைக்கும் சில்லர், அல்லது இரவும் பகலும் ஏசி ஓடும் அறை. சில்லர் விலையைப் பிறகு விசாரித்தேன். தொட்டியின் விலையைவிட அதிகம். இந்த ஒரு வார்த்தையை அவர் கடையிலேயே சொல்லியிருந்தால் நான் வாங்காமலே வீடு திரும்பியிருப்பேன். அதனால்தான் சொல்லவில்லை என்று இப்போது புரிகிறது.

சரி, மீன்களுக்கு வருவோம். எல்லோரும் நீமோ என்று கூப்பிடும் கிளவுன் மீன் ஒரு ஜோடி 1,400 ரூபாய். அது உட்காரக் கடற்சாமந்தி (அனிமோன், பூ மாதிரி இருக்கும் கடல் உயிரினம்) ஒன்று 1,600. மகள் கண்ணாடியில் மூக்கை ஒட்டிக்கொண்டு நின்றதைப் பார்த்து, கடைக்காரர் நீல டாங் என்ற மீன் ஒன்றையும் எடுத்தார், 2,850. அந்த டாங் வளர்ந்தால் ஓர் அடி நீளம் வரும். நாள் முழுக்க நீந்தும் மீன் அது, ஒன்றரை அடித் தொட்டியில் திரும்பக்கூட முடியாது. கடற்சாமந்திக்கோ பல மாதம் ஓடி நிலைத்த தொட்டியும் நல்ல வெளிச்சமும் வேண்டும். இரண்டையுமே புதுத் தொட்டிக்கு யாரும் கொடுக்கக் கூடாது. கிளவுன் மீனுக்குக் கடற்சாமந்தி கட்டாயமும் இல்லை. இது எதுவும் அன்று எனக்குத் தெரியாது.

“சைக்கிளிங் பண்ண வேண்டாமா?” என்று கேட்டேன். நன்னீரில் செய்து பழகியதுதான். மீன் கழிவிலிருந்து அம்மோனியா வரும்; ஒரு வகை பாக்டீரியா அதை நைட்ரைட்டாக்கும், இன்னொரு வகை அதை நைட்ரேட்டாக்கும்; இவை பெருகி நிலைக்க நான்கு முதல் ஆறு வாரம். அதுவரை தொட்டியை ஓட்டிக் காத்திருப்பதுதான் சைக்கிளிங். அவர் பாக்டீரியா பாட்டில் ஒன்றை எடுத்து வைத்தார். “இதை ஊத்தினா அன்னிக்கே மீன் விடலாம் சார்.” தண்ணீரைச் சோதிக்கும் டெஸ்ட் கிட் கேட்டதற்கு, “அதெல்லாம் எதுக்கு சார், தண்ணி கண்ணாடி மாதிரி இருந்தா போதும்.” அம்மோனியாவுக்கு நிறம் கிடையாது என்பது தெரிந்திருந்தும் தலையாட்டினேன். மகள் பக்கத்தில் நின்றாள், அவ்வளவுதான் காரணம். வீட்டுக்கு வந்து அந்த பாட்டிலின் விலை ஸ்டிக்கரை உரித்துப் பார்த்தேன். அதற்கு அடியில் காலாவதித் தேதி. முந்தைய ஆண்டு.

ஞாயிறு காலை மீன்களை விட்டோம். செவ்வாய்க்குள் கடற்சாமந்தி சுருங்கி, கல்லைவிட்டு நகர ஆரம்பித்தது. அது நடக்கும் என்பதே எனக்கு அப்போதுதான் தெரியும். இரவோடு இரவாகப் பின்தடுப்பில் தண்ணீர் இழுக்கும் இடுக்கில் போய் மாட்டிக் கிழிந்துவிட்டது. காலையில் தொட்டி முழுக்கப் பால் கலந்த மாதிரி, கூடத்தில் நாற்றம். டாங் ஒரு மூலையில் சாய்ந்து மூச்சு வாங்கிக்கொண்டிருந்தது. மதியத்துக்குள் செத்துவிட்டது. அன்று மாலை நன்னீர், கடல் நீர் இரண்டுக்கும் ஆகும் கிட் ஒன்றை வாங்கிச் சோதித்தேன். சோதனைக் குழாய் கரும்பச்சையாக மாறியது: அம்மோனியா 2 பிபிஎம், அதாவது பத்து லட்சத்தில் இரண்டு பங்கு. நன்னீர்க்காரர்கள் இதைக் கவனியுங்கள். பிஎச் 7 உள்ள நன்னீரில் மீன் சமாளித்துவிடும் அளவு, பிஎச் 8.2 உள்ள கடல் நீரில் கொன்றுவிடும். பிஎச் ஏற ஏற அம்மோனியாவில் விஷமான வடிவத்தின் பங்கும் ஏறும். என் பத்து வருட அனுபவம் இங்கே உதவாமல் போனதற்கு இதுதான் காரணம்.

கிளவுன் மீன்கள் மட்டும் தாக்குப்பிடித்தன. தினமும் தண்ணீர் மாற்றி அம்மோனியாவை ஒரு வழியாக இறக்கினேன். ஆனாலும் ஒன்று சாப்பிடுவதை நிறுத்தியது. கடைக்குப் போன் செய்தேன். “தண்ணி குறையுதா சார்? உப்புத் தண்ணி கலந்து ஊத்திக்கிட்டே இருங்க” என்றார். இதைவிட மோசமான ஆலோசனை கிடையாது. ஆவியாகிப் போவது தண்ணீர் மட்டும்தான், உப்பு அங்கேயே நிற்கும். குறைந்ததை உப்பில்லாத நல்ல தண்ணீரால்தான் நிரப்ப வேண்டும். மின்விசிறி வேறு ஓடியதால் தினம் அரை லிட்டருக்கு மேல் குறைந்தது. ஒவ்வொரு அரை லிட்டரிலும் சுமார் 17 கிராம் உப்பைக் கூடுதலாகச் சேர்த்துக்கொண்டே இருந்தேன். கடைக்காரர் கொடுத்த, உப்பின் அளவைக் காட்டும் பிளாஸ்டிக் ஹைட்ரோமீட்டர் மட்டும் ‘சரி’ என்று பச்சைக் கோட்டிலேயே நின்றது. கடையில் திறந்து பயன்படுத்திய சாமான் அது. முள்ளில் உப்பு படிந்து கனத்ததால் குறைவாகக் காட்டியிருக்கிறது. வேளச்சேரியில் பல வருடமாகக் கடல் தொட்டி வைத்திருக்கும் நண்பர் ஒருவர் பன்னிரண்டாம் நாள் ரிஃப்ராக்டோமீட்டரோடு வந்தார், அதுவும் உப்பை அளக்கும் கருவிதான், இன்னும் துல்லியமானது. தண்ணீரின் அடர்த்தி 1.025 இருக்க வேண்டிய இடத்தில் 1.032. “ஊறுகாய் போடப் போறியா?” என்றார். அதற்குள் ஒரு கிளவுன் செத்துப்போயிருந்தது. மிஞ்சியதைப் பையில் எடுத்துக்கொண்டு போனார். அவர் வீட்டில் நன்றாக இருக்கிறது.

போகும் முன் அவர் கல்லைப் பார்த்தார். அதற்குப் பிறகுதான் எனக்கு உண்மையான பயம் வந்தது.

‘லைவ் ராக்’ (பாக்டீரியாவும் சிற்றுயிர்களும் குடியிருக்கும் கடல் கல்) என்று கிலோ 450க்கு ஐந்து கிலோ வாங்கியிருந்தேன். அதில் இரண்டு கற்கள் பவளத்தின் எலும்புக்கூடு, ஒன்றின் ஓரத்தில் உயிரோடு கொஞ்சம் ஒட்டிக்கொண்டுகூட இருந்தது. “இராமேஸ்வரம் சரக்கு சார், ஃபிரெஷ்” என்று கடைக்காரர் பெருமையாகச் சொன்னது அப்போதுதான் நினைவுக்கு வந்தது. இராமேஸ்வரத்துக்கும் தூத்துக்குடிக்கும் இடையில் 21 தீவுகளைச் சுற்றி 1986 முதல் மன்னார் வளைகுடா கடல்சார் தேசியப் பூங்கா இருக்கிறது. பூங்காவுக்கு வெளியே எடுத்தாலும் தப்பிக்க முடியாது. கல் பவளங்கள் அத்தனையும் 1972ஆம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கின்றன. கடற்குதிரையும் அப்படியே, அதையும் அவர் ‘அடுத்த தடவை தர்றேன்’ என்றிருந்தார். இவற்றை விற்பது மட்டுமல்ல, வீட்டில் வைத்திருப்பதும் குற்றம். மூன்று ஆண்டுக்குக் குறையாத சிறை. அங்குள்ள மீனவர்கள் ‘பார்’ என்று சொல்லும் அந்தப் பாறைகள் ஒரு காலத்தில் சுண்ணாம்புக்காக வெட்டிக் குவிக்கப்பட்டவை. இப்போது மிச்சமிருப்பதைப் பெயர்த்து என் கூடத்துக்கு விற்றிருக்கிறார்கள், நானும் கிலோ கணக்கில் எடை போட்டு வாங்கியிருக்கிறேன்.

கடைக்குப் போய்க் கேட்டேன். கையில் இருந்தது ‘எஸ்டிமேட்’ என்று தலைப்பிட்ட ஒரு துண்டுச் சீட்டு. கடைப் பெயர் இல்லை, ஜிஎஸ்டி எண் இல்லை, கல் என்று எழுதாமல் ‘டெக்கரேஷன்’ என்று எழுதியிருந்தார். “மீனுக்கு யாரு சார் கேரண்டி தர முடியும்? நீங்க பார்த்துக்கல” என்று முடித்துவிட்டார். தேசிய நுகர்வோர் உதவி எண் 1915க்கு அழைத்தேன். பொறுமையாகத்தான் கேட்டார்கள், ஆனால் முதல் கேள்வியே பில் இருக்கிறதா என்பது. 5 லட்சம் ரூபாய் வரையிலான வழக்குக்கு மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் கட்டணமே கிடையாது. ஒழுங்கான பில் இருந்திருந்தால் நிச்சயம் போயிருப்பேன். கல்லைப் பற்றிச் சட்டம் தெரிந்த உறவினரிடம் பேசி, அவர் மூலமாக வனத்துறையிடம் ஒப்படைத்தேன். அந்த ஒரு வாரம் வீட்டில் அழைப்பு மணி அடித்தாலே திக்கென்றிருக்கும்.

கடைக்குப் போகிறவர்கள் மீனைப் பார்க்கும் முன் பில் தருவார்களா என்று கேளுங்கள். அப்புறம், இன்றைக்கே மீன் விடலாமா என்று ஒன்றும் தெரியாதவர் மாதிரி கேட்டுப் பாருங்கள். ‘ஒரு மாதம் கழித்து வாங்க’ என்று திருப்பி அனுப்புகிற கடைக்காரர் கிடைத்தால் அவரிடமே எல்லாவற்றையும் வாங்கலாம். கொளத்தூரிலேயே அப்படி ஒருவரைப் பிறகு பார்த்தேன். கிளவுன் மீன் தொட்டியில் பொரித்து வளர்த்ததா, கடலில் பிடித்ததா என்றும் கேளுங்கள். மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனம் அதை இனப்பெருக்கம் செய்யும் முறையை எப்போதோ கண்டுபிடித்துவிட்டது, கடலில் பிடித்ததை வாங்கத் தேவையே இல்லை. கல்லுக்குப் பதில் பீங்கானில் செய்த செயற்கைப் பாறை கிடைக்கிறது.

தொட்டியை விற்கவில்லை. படுக்கையறை ஏசிக்குக் கீழே மாற்றி, பீங்கான் கல் போட்டு, ஆர்ஓ தண்ணீரில் உப்புக் கலந்து மறுபடி தொடங்கியிருக்கிறேன். ஐந்தாவது வாரம். அம்மோனியா பூஜ்யம், நைட்ரைட் இன்னும் கொஞ்சம் காட்டுகிறது. மகள் தினமும் பள்ளிவிட்டு வந்ததும் காலித் தொட்டிக்கு முன்னால் நின்று டெஸ்ட் குழாயைக் குலுக்குகிறாள். ஹீட்டர் பெட்டி பிரிக்காமல் அப்படியே பரணில் இருக்கிறது. ஊட்டிப் பக்கம் யாருக்காவது வேண்டுமென்றால் சொல்லுங்கள்.