கரண்ட் போனாலும் உடையாத மேம்படுத்தல்: ஏபிடியா, நிக்ஸா, கீக்ஸா?

பரந்தனிலிருந்து உள்ளே போகும் ஊர் ஒன்றின் சனசமூக நிலையத்தில் எட்டுப் பழைய லப்டொப்களைப் பார்த்துக்கொள்கிறேன். எல்லாவற்றிலும் விண்டோஸுக்குப் பதிலாக டெபியன் லினக்ஸ் என்ற இலவச இயங்குதளம் போட்டிருந்தேன். மாரி மழை பிடித்துக்கொண்ட ஒரு பின்னேரம் எட்டிலும் சேர்த்து மேம்படுத்தலைத் தொடக்கிவிட்டேன். ஏழு முடிந்தன. எட்டாவதின் பட்டரி எப்போதோ செத்துவிட்டது, வயரில் மட்டுமே ஓடும். அது பாதி வழியில் நிற்கும்போது கரண்ட் போனது.

கரண்ட் திரும்பி வந்தது. லப்டொப் வரவில்லை. கறுப்புத் திரையில் வெள்ளை எழுத்தில் நாலு வரி ஓடி அப்படியே நின்றுவிட்டது. ஏ.எல். செயற்றிட்ட அறிக்கையை அதில் வைத்திருந்த பிள்ளை பக்கத்தில் வந்து, "அண்ணா, இது இனி வேலை செய்யாதோ?" என்று கேட்டாள். "பொறு பிள்ளை, பாப்பம்" என்றேன். பார்த்து முடிக்க இரவு ஒன்பது மணியாகிவிட்டது. அவளுடைய கோப்புகளுக்கு ஒன்றும் ஆகவில்லை. ஆனால் நான் அன்று அங்கே இல்லாதிருந்தால் அந்த இயந்திரம் கிளிநொச்சி நகருக்குப் பஸ் ஏறிப் போய், ஒரு கிழமை கழித்து எல்லாம் அழிக்கப்பட்டுத் திரும்பி வந்திருக்கும்.

அதனால் மேம்படுத்தும் முறைகளை ஒப்பிடும்போது, எதில் புதிய பதிப்பு முதலில் வருகிறது என்று நான் பார்ப்பதில்லை. பாதியில் நின்றால் என்ன ஆகும், பிழைத்துப்போனால் நேற்றைய நிலைக்குத் திரும்ப முடியுமா, அப்புறம் டேட்டா எவ்வளவு போகும் என்று கேட்கிறேன். 2022 பங்குனிக் கடைசியில் ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் வரை மின்வெட்டு இருந்ததை நாட்டில் யாரும் மறந்திருக்க மாட்டார்கள். இன்றைக்கு அவ்வளவு மோசமில்லை. ஆனாலும் ஒரு பெருமழைக்கு வன்னியில் எந்த ஊரிலும் கரண்ட் நிற்கும்.

முதலில் ஏபிடி. மென்பொருள்களைப் பொதி பொதியாக இறக்கி நிறுவவும் மேம்படுத்தவும் டெபியன் பாவிக்கும் கருவி அது. டெபியன் 1993 இல் தொடங்கியது. 1999 இல் வந்த 2.1 பதிப்பிலிருந்து ஏபிடி அதன் கைகால். உபுண்டு, லினக்ஸ் மின்ட் போன்ற மற்ற லினக்ஸ்களும் அதன் மேல்தான் நிற்கின்றன. அதைக் குறைத்துப் பேச எனக்கு மனமில்லை. மாறிய பொதிகளை மட்டும் இறக்கும், பழைய இயந்திரத்திலும் வேகமாக ஓடும், தமிழில் தட்டச்சு செய்யத் தேவையானது எல்லாம் கிடைக்கும். டெபியனின் நிலையான பதிப்பு சுமார் இரண்டு வருடத்துக்கு ஒருமுறைதான் மாறும். இடையில் வருவது பெரும்பாலும் சின்னச் சின்னப் பாதுகாப்புத் திருத்தங்கள்.

அதன் குறை அது வேலை செய்யும் விதத்திலேயே இருக்கிறது. பழைய கோப்பு எங்கே இருந்ததோ அதே இடத்தில் புதியதை வைக்கிறது. ஒரு பொதியின் கோப்புகளை முதலில் விரிக்கும், பிறகு அதற்குரிய அமைப்பு நிரல்களை ஓட்டும். நூறு பொதி மாறும்போது, சில விரிந்து அமையாமல் கிடக்கும், சில இன்னும் தொடப்படாமல் இருக்கும். அந்த நேரத்தில் கரண்ட் போனால் இயந்திரம் பழையதாகவும் இல்லை, புதியதாகவும் இல்லை. மீட்பு முறையில் ஏறி, அமையாமல் கிடப்பவற்றை அமைக்கச் சொல்லும் கட்டளையைக் கொடுத்தால் பெரும்பாலும் சரியாகிவிடும். அன்று இரவு நான் செய்ததும் அதுதான். ஆனால் அந்தக் கட்டளை தெரிந்த ஒருவர் பக்கத்தில் வேண்டும். இன்னொன்று, முழுமையாக முடிந்த மேம்படுத்தலே ஏதாவது ஒன்றைக் கெடுத்துவிட்டால் பின்னால் போக நேரான வழி கிடையாது. பழைய பதிப்புக்கு இறங்குவதை ஏபிடி முறையாக ஆதரிப்பதில்லை. இயங்குதளத்தின் கருவான கேர்னலின் பழைய பதிப்பை மட்டும் துவக்கப் பட்டியலில் விட்டுவைக்கும், அது ஒரு ஆறுதல்.

"டைம்ஷிஃப்ட் போட்டால் போதாதா?" என்று கேட்பவர்கள் உண்டு. மின்ட்டுடன் வரும் அந்த மென்பொருள் முழு அமைப்பையும் படியெடுத்து வைக்கும், கெட்டால் திரும்ப ஊற்றலாம். வீட்டில் ஒரே ஒரு லப்டொப் வைத்திருப்பவருக்கு இது நல்ல வழி, நானே பலருக்குப் போட்டுக் கொடுத்திருக்கிறேன். ஆனால் படியெடுக்க மறந்த நாளில்தான் உடையும். சாதாரண கோப்பு முறைமையில் முதல் படி முழு அமைப்பளவு இடம் பிடிக்கும். இயந்திரம் எழும்பாவிட்டால் இன்னொரு யூ.எஸ்.பி.யிலிருந்து துவக்கித்தான் மீட்க வேண்டும்.

பிளாட்பேக், ஸ்னாப் என்று வேறு இரண்டு நிறுவும் முறைகளும் உண்டு. அவை செயலிகளுக்கு மட்டுமானவை. கீழே இருக்கும் டெபியனின் மேம்படுத்தல் பாதியில் நின்றால் பிளாட்பேக் என்ன செய்யும்? ஒன்றும் செய்யாது. அத்தோடு ஸ்னாப் வழக்கமாக நாளுக்கு நாலு தடவை தானாகவே புதுப்பிப்பு தேடும். போன் ஹொட்ஸ்பொட்டில் நெட் பாவிப்பவர் அதை நிறுத்திவைக்கக் கற்றுக்கொள்வது நல்லது.

இனி நிக்ஸும் கீக்ஸும். ஏபிடி செய்யும் வேலையையே வேறு விதமாகச் செய்பவை இவை. இவற்றைத்தான் சார்புமுறைப் பொதி மேலாண்மை என்கிறார்கள். ஓ.எல். கணிதத்தில் படித்த அதே சார்புதான். ஒரே உள்ளீட்டைக் கொடுத்தால் ஒரே வெளியீடு வரும், கொடுத்த எதையும் அது மாற்றாது. நெதர்லாந்தின் உட்ரெக்ட் பல்கலைக்கழகத்தில் ஈல்கோ டோல்ஸ்ட்ரா 2003 இல் நிக்ஸைத் தொடங்கினார். 2006 இல் அவருடைய கலாநிதிப்பட்ட ஆய்வேடும் இதைப் பற்றியே வந்தது. ஒரு பொதியை உருவாக்குவதை அவர் ஒரு சார்பாகப் பார்த்தார். மூலநிரல், அதை இயந்திர மொழிக்கு மாற்றும் கம்பைலர், அது சார்ந்திருக்கும் லைப்ரரிகள் என்ற பொது நிரல் தொகுப்புகள், உருவாக்கும் நிரல் எல்லாம் உள்ளீடுகள். அவற்றிலிருந்து 32 எழுத்துக் குறியீடு ஒன்று கணக்கிடப்படும். பொதி அந்தக் குறியீட்டைப் பெயரில் தாங்கிய தனிக் கோப்புறையில் போய் இருக்கும். உள்ளீட்டில் ஒன்று மாறினாலும் குறியீடு மாறும், கோப்புறையும் வேறாகும். ஆகவே புதியது பழையதன் மேல் ஒருபோதும் எழுதப்படாது.

இதை எங்கள் பக்கத்தில் விளங்கப்படுத்த எனக்கு அதிகம் கஷ்டப்பட வேண்டியிருக்கவில்லை. மீள்குடியேறி வந்தபோது வளவில் முதலில் ஒரு தகரக் கொட்டில் போட்டோம். கல்வீடு பக்கத்தில் எழும்பியது. அத்திவாரம் போட்டுக் காசு முடிந்து நின்றாலும், சுவர் பாதியில் நின்றாலும், கொட்டிலில் சமையல் நடந்துகொண்டுதான் இருந்தது. கூரை போட்டு முடிந்த பிறகுதான் பால் காய்ச்சிக் குடிபுகுந்தோம். அப்புறமும் கொட்டிலை உடனே பிரிக்கவில்லை. ஏபிடி, குடியிருக்கும் வீட்டின் கூரையை நீங்கள் உள்ளே இருக்கும்போதே பிரித்து மேய்கிறது. நிக்ஸ் பக்கத்தில் கட்டுகிறது.

குடிபுகும் அந்தக் கணம் நிக்ஸில் ஒரே ஒரு குறியீட்டு இணைப்பை, அதாவது எந்த அமைப்பு நடப்பில் இருக்கிறது என்று காட்டும் சுட்டியை, மாற்றுவது. அதற்கு முன் கரண்ட் போனால் பழைய அமைப்பு, பின் போனால் புதிய அமைப்பு. நடுவில் ஒரு நிலை இல்லை. ஒவ்வொரு மாற்றமும் ஒரு தலைமுறையாக எண்ணிடப்பட்டு, நிக்ஸை வைத்தே கட்டிய லினக்ஸான நிக்ஸ்ஓஎஸ்ஸின் துவக்கப் பட்டியலில் வரிசையாக நிற்கும். இன்றையது கெட்டால் முந்தைய வரியைத் தெரிந்து துவக்கினால் போதும். ஓடிக்கொண்டிருக்கும்போதே மாற்றாமல் அடுத்த துவக்கத்தில் மாறட்டும் என்றும் சொல்லிவைக்கலாம். கரண்ட் நம்ப முடியாத இடத்தில் நான் எப்போதும் அப்படித்தான் செய்கிறேன். வேண்டாத தலைமுறைகளைப் பிறகு ஒரு கட்டளையால் துப்புரவாக்கலாம், கொட்டிலை ஆறுதலாகப் பிரிப்பதுபோல.

ஒன்றை மட்டும் தெளிவாகச் சொல்ல வேண்டும். திரும்புவது மென்பொருள்தான், உங்கள் கோப்புகள் அல்ல. பயர்பொக்ஸின் புதிய பதிப்பு தன் தரவுகளைப் புது வடிவுக்கு மாற்றிவிட்டால், பழைய பதிப்பு அந்தத் தரவைத் திறக்க மறுக்கும். பிள்ளைகளின் செயற்றிட்டங்களை வேறாகப் பிரதியெடுக்கும் வேலையிலிருந்து நிக்ஸ் யாரையும் விடுவிப்பதில்லை.

திரும்பிப் போகும் வசதியை விட எனக்கு அதிகம் உதவியது இன்னொன்று. முழு இயந்திரமும் எப்படி இருக்க வேண்டும் என்பதை ஒரே கோப்பில் எழுதிவைக்கலாம். தமிழ்99 விசைப்பலகை, நோட்டோ தமிழ் எழுத்துரு, லிப்ரே ஒபிஸ், பிரிண்டர், நேர வலயம் எல்லாம் அதற்குள். முன்பு எட்டு லப்டொப்பிலும் கையால் எழுத்துரு போடுவேன், எப்படியும் ஒன்றில் விடுபட்டிருக்கும். பாமினி எழுத்துருவில் தட்டிய பழைய கடிதத்தைத் திறக்க வந்த ஒரு ஐயா சரியாக அந்த லப்டொப்பில்தான் போய் உட்காருவார். இப்போது ஒரு கோப்பைப் படியெடுத்தால் எல்லா இயந்திரமும் ஒன்றுபோல ஆகும்.

கீக்ஸும் இதே அடிப்படைதான். யாரும் பார்த்து மாற்றக்கூடிய கட்டற்ற மென்பொருளை உருவாக்கும் க்னூ திட்டத்துக்காக லுடோவிக் கூர்ட்டேஸ் 2012 இல் அறிவித்தார், 1.0 பதிப்பு 2019 இல் வந்தது. நிக்ஸுக்குத் தனி மொழி ஒன்று உண்டு, அதை நிக்ஸுக்கு வெளியே பாவிக்க இடமில்லை. கீக்ஸ், ஸ்கீம் என்ற பொதுவான நிரல் மொழியின் கைல் வடிவத்தில் எழுதப்படுகிறது. நிரலாக்கம் படிக்கும் பிள்ளைக்கு நான் கீக்ஸைத்தான் காட்டுவேன். அங்கே கற்பது வேறிடத்திலும் உதவும், கையேடும் ஒழுங்காக எழுதப்பட்டிருக்கிறது. கட்டற்ற மென்பொருளில் கீக்ஸ் காட்டும் பிடிவாதத்தை நான் மனதார மதிக்கிறேன். கம்பைலரையே எதை வைத்துக் கட்டுவது என்ற கேள்வியை அவர்கள் விடாமல் துரத்தி, 2023 இல் 357 பைட் அளவுள்ள ஒரு குட்டி நிரலை விதையாக வைத்து மேலே கட்டிக் காட்டினார்கள். ஒரு நெல்மணியை வைத்து வயல் முழுக்க விதைத்ததுபோல.

அதே பிடிவாதம்தான் இங்கே தடையாகவும் வருகிறது. கீக்ஸை முழு இயங்குதளமாகப் போட்டால், அதன் கேர்னலில் கட்டற்றதல்லாத ஃபேர்ம்வெயர் (வைஃபை போன்ற பாகங்களுக்குள் ஓடும் நிரல்) இல்லை, ஆகவே இன்டெல் வைஃபை உள்ள லப்டொப்பில் வைஃபை எழும்பாது. எங்கள் எட்டில் ஐந்து அப்படிப்பட்டவை. நிக்ஸில் அனுமதி கொடுத்தால் அவையும் கிடைக்கும். பொதிகளும் நிக்ஸில் 100,000 க்கு மேல், கீக்ஸில் 20,000 க்கு மேல். ஒரு சனசமூக நிலையத்துக்கு இரண்டுமே தாராளம்.

ஆனால் கீக்ஸை டெபியனின் மேலேயே நிறுவலாம். அப்போது வைஃபையை டெபியன் பார்த்துக்கொள்ளும், கீக்ஸ் செயலிகளைப் பார்த்துக்கொள்ளும். இப்படிப் போட்ட முதல் நாள் கீக்ஸ் செயலிகளில் தமிழ் எல்லாம் பெட்டி பெட்டியாகத் தெரிந்தது. தமிழ் எழுத்துருவையும் மொழி அமைப்புகளையும் கீக்ஸ் வழியாகவே நிறுவ வேண்டும் என்பது பிறகுதான் தெரிந்தது. கையேட்டில் அந்தப் பகுதியை முதலே வாசித்துவிடுங்கள். நினைவகம் 2 ஜி.பி. மட்டும் உள்ள இயந்திரமென்றால் கீக்ஸ் தன்னைப் புதுப்பிக்கும்போது மிகவும் திணறும். 4 ஜி.பி.க்குக் கீழே நான் பரிந்துரைக்க மாட்டேன்.

இனி டேட்டா. இதில் ஏபிடி தெளிவாக வெல்கிறது. எல்லாச் செயலிகளும் சார்ந்திருக்கும் சீ லைப்ரரியில் ஒரு திருத்தம் வந்தால் ஏபிடி அந்த ஒரு பொதியை மட்டும் இறக்கும். நிக்ஸில் உள்ளீடு மாறியதால் அதன் மேல் நிற்கும் எல்லாவற்றின் குறியீடும் மாறும், ஏறக்குறைய முழு அமைப்பையும் திரும்ப இறக்க நேரும். மாதாந்த டேட்டா பொதியில் இது வலிக்கும். கீக்ஸ் இதற்கு ஒட்டுக் கட்டுகிறது, ஒட்டுமாங்கன்றில் செய்வதுபோலவே. பாதுகாப்புத் திருத்தம் பெற்ற லைப்ரரியை மட்டும் இறக்கி, அதைச் சார்ந்த பொதிகளை உங்கள் இயந்திரத்திலேயே படியெடுத்து, பழைய லைப்ரரியின் முகவரி இருந்த இடத்தில் புதியதன் முகவரியை எழுதிவிடும். டிஸ்க் கொஞ்சம் உழைக்கும், டேட்டா மிஞ்சும்.

பல இயந்திரம் உள்ள இடத்தில் கணக்கு மாறுகிறது. கீக்ஸில் ஒரு லப்டொப் இறக்கியதை அதே வைஃபையில் இருக்கும் மற்றவை தாங்களாகவே கண்டுபிடித்து அதனிடமிருந்து எடுக்கும்படி வைக்கலாம். நிக்ஸிலும் ஒரு இயந்திரத்தைக் களஞ்சியமாக்கலாம், யூ.எஸ்.பி. டிஸ்க்கிலும் படியெடுத்துக் கொண்டுபோகலாம். டெபியனுக்கும் இதுபோன்ற இடைக் களஞ்சியம் உண்டு என்பதால் இது நிக்ஸுக்கு மட்டும் உரிய பெருமையல்ல. ஆனால் எட்டுத் தடவை இறக்க வேண்டியதை ஒரு தடவையில் முடித்தால் நிக்ஸின் பெரிய குறை தாங்கக்கூடியதாகிறது.

பதிப்புகளின் ஆயுளையும் பாருங்கள். நிக்ஸ்ஓஎஸ் வருடத்துக்கு இரண்டு தடவை, வைகாசியிலும் கார்த்திகையிலும் வரும், ஒவ்வொன்றுக்கும் ஏழு மாதம் அளவே ஆதரவு. டெபியன் பதிப்புக்கு நீண்டகால ஆதரவோடு ஐந்து வருடம். வருடத்தில் ஒருமுறைதான் நல்ல நெட் கிடைக்கும் ஊரென்றால் இது ஒன்றே முடிவைத் தீர்மானித்துவிடும்.

சரி, யாருக்கு எது? போன் டேட்டாவில் ஓடும் ஒற்றை லப்டொப்புக்கு டெபியன் அல்லது மின்ட், டைம்ஷிஃப்ட்டோடு. பட்டரி வேலை செய்தால் அதற்கு மேல் எதுவும் வேண்டாம். கிளிநொச்சி அறிவியல் நகரிலோ வவுனியாவிலோ பல்கலைக்கழகத்தில் படித்து, ஆய்வு நிரலை இரண்டு வருடம் கழித்தும் அதே மாதிரி ஓட்ட வேண்டியவருக்கு டெபியனின் மேல் கீக்ஸ். பல இயந்திரங்களை ஒருவர் மட்டும் பார்க்கும் பள்ளிக்கூடம், வாசிகசாலை, சனசமூக நிலையம் என்றால் நிக்ஸ்ஓஎஸ். ஆனால் அந்த ஒருவர் முதல் இரண்டு மாதம் இரவில் இருந்து படிக்கத் தயாராக இருக்க வேண்டும், அது சின்ன வேலை இல்லை.

எங்கள் நிலையத்தில் ஐந்து லப்டொப்பில் நிக்ஸ்ஓஎஸ் வந்துவிட்டது. மூன்று இன்னும் டெபியன், அதில் இரண்டின் மேல் கீக்ஸ். பட்டரி செத்த எட்டாவதைத்தான் முதலில் மாற்றினேன். போன மாதம் ஒரு மேம்படுத்தலுக்குப் பிறகு அதில் பிரிண்டர் வேலை செய்யவில்லை. நான் பூநகரியில் நின்றேன். அந்தப் பிள்ளை போன் எடுத்தாள்: "அண்ணா, மேலேயிருந்து இரண்டாவது வரியில துவக்கினன், பிரிண்ட் வருது. இப்பிடியே விடவோ?" விடச் சொன்னேன்.