உபரி உணவைச் சமைத்துக் கொடுக்க அலுவலகம் கிளம்பினால்: எந்த வழி தேறும்?

"ஒருநாள் எல்லாரும் சேர்ந்து சமைத்து இல்லாதவர்களுக்குக் கொடுக்கலாமே" என்று அலுவலகத்தில் யாராவது சொன்னால், வேண்டாம் என்று சொல்ல ஆள் இருக்காது. எங்கே சமைப்பது என்று கேட்டதும்தான் பேச்சு பிரியும். உபரிப் பொருட்களைச் சேகரித்துச் சமைக்கிற தொண்டு நிறுவனத்தின் சமையலறைக்கே போய்விடலாம் என்பது ஒரு கட்சி. நம் கேண்டீன் இருக்கும்போது வெளியே எதற்கு, பொருளை இங்கே வரவழைப்போம் என்பது இன்னொரு கட்சி. சமைப்பதெல்லாம் எதற்கு, கேண்டீனில் தினமும் மிஞ்சுவதை அனுப்பினால் போதாதா என்று கணக்குப் பிரிவிலிருந்து ஒருவர் கேட்பார். அவர் பக்கம் நியாயம் நிறையவே இருக்கிறது, பிறகு வருகிறேன்.

தொண்டு சமையலறையிலிருந்து தொடங்கலாம். ஆஸ்திரேலியாவில் ரோனி கான் 2004-இல் தொடங்கிய ஓஸ்ஹார்வெஸ்ட் என்ற உபரி உணவுத் தொண்டு நிறுவனம், நிறுவனக் குழுக்களுக்கென்றே இப்படி ஒரு சமையல் நிகழ்ச்சியை நடத்துகிறது. வாஷிங்டனில் ராபர்ட் எக்கர் 1989-இல் தொடங்கிய டி.சி. சென்ட்ரல் கிச்சனிலும் தன்னார்வலர்களுக்கு வேலை உண்டு. வேலை கிடைக்காமல் தவிப்பவர்களுக்குச் சமையல் பயிற்சி கொடுக்கும் இடமும் அதுதான்.

இந்த மாதிரிச் சமையலறைகளில் மெனுவை முன்கூட்டிக் கேட்டுப் பயனில்லை. காலையில் வண்டியில் என்ன வந்து இறங்குகிறதோ அதுதான் மெனு. தொட்டால் விரல் பதிகிற தக்காளி ஒரு பக்கம், அசையாத பூசணிக்காய் இன்னொரு பக்கம். செஃப் ஒரு சுற்று வந்து பார்த்துவிட்டு, தக்காளி இப்போதே அடுப்புக்கு, பூசணி நாளைக்கு என்று பிரிப்பார். வந்தவர்களுக்குப் பெரும்பாலும் தோல் சீவுவதும் நறுக்குவதும்தான் வேலை. அதிலும் எல்லாத் துண்டும் ஒரே அளவில் இருக்க வேண்டும் என்பார்கள். இல்லாவிட்டால் சின்னது குழைந்துவிடும், பெரியது வேகாது. பெரிய பாத்திரங்கள் கொதிக்கும் பக்கம் புதியவர்களை அவ்வளவாக விடமாட்டார்கள். "சமைக்கப் போனோம், வெங்காயம்தான் உரித்தோம்" என்று சிலர் திரும்பும் வழியில் முணுமுணுப்பார்கள்.

ஆனால் அந்தச் சமையலறையின் உண்மையான பலம் அடுப்பை அணைத்த பிறகுதான் தெரியும். சமைத்தது உடனே சாப்பிடப் போவதில்லை. பெட்டியில் அடைத்து, நாளையோ மறுநாளோ யாரோ சூடுபண்ணிச் சாப்பிடப் போகிறார்கள். 5 டிகிரிக்கும் 60 டிகிரி செல்சியஸுக்கும் நடுவில்தான் கிருமிகள் வேகமாகப் பெருகும். அதனால் சூடான உணவை 2 மணி நேரத்துக்குள் 21 டிகிரிக்கும், அடுத்த 4 மணி நேரத்துக்குள் 5 டிகிரிக்கும் இறக்க வேண்டும் என்பது பரவலாகப் பின்பற்றப்படும் கணக்கு. ஆழமான பாத்திரத்தில் அப்படியே விட்டால் மேலே ஆறியிருக்கும், நடுவில் பல மணி நேரம் வெதுவெதுப்பாகவே கிடக்கும். தட்டையான தட்டுகளில் சில சென்டிமீட்டர் உயரத்துக்கு மட்டும் ஊற்றி, உணவை வேகமாகக் குளிரவைக்கும் பிளாஸ்ட் சில்லர் பெட்டியில் தள்ளுவார்கள். தெர்மாமீட்டரை நடுவில் குத்திப் பார்த்து நேரத்தோடு எழுதி வைப்பார்கள்.

நன்றாகக் கொதித்ததுதானே, பிறகென்ன பயம் என்று கேட்கலாம். சில பாக்டீரியாக்களின் வித்துகள் கொதியிலும் சாவதில்லை. மெதுவாக ஆறும்போது அவை விழித்துக்கொள்ளும். சோற்றில் வரும் பேசிலஸ் சீரியஸ் என்ற பாக்டீரியா இன்னும் மோசம். அது உண்டாக்கும் நச்சுகளில் ஒன்று மறுபடி சூடுபண்ணினாலும் போகாது. ஏற்கெனவே உடம்பு நலிந்தவர்களும் முதியவர்களும் குழந்தைகளும் சாப்பிடப் போகிற உணவு என்பதை நினைத்தால், இதில் சமரசத்துக்கு இடமில்லை.

இவ்வளவும் சொன்னதற்குக் காரணம் இரண்டாவது வழி. அலுவலக கேண்டீன் சமைத்ததும் பரிமாறுகிற இடம். பெரிய அளவில் சமைத்துக் குளிர வைக்கும் வசதி பெரும்பாலும் அங்கே இருக்காது. ஆகவே அங்கே சமைத்தால் 60 டிகிரிக்கு மேல் சூடாகவே வைத்து, அன்றைக்கே அடுத்த வேளைக்குக் கொண்டுசேர்க்க வேண்டும். பக்கத்தில் ஒரு காப்பகம் இருந்து, இரவுச் சாப்பாட்டுக்கு எத்தனை பேர் என்று முன்பே சொல்லிவிட்டால் இது அழகாக நடக்கும். இல்லையென்றால் சமைத்து முடித்த பிறகு யாருக்கு அனுப்புவது என்று ஆளாளுக்கு ஃபோனோடு நிற்பார்கள். கேண்டீன் ஒப்பந்தக்காரரின் சம்மதம், கழுவித் துடைக்க ஆள், பெட்டியின் மேல் பால், முட்டை, கோதுமை, கடலை இருக்கிறதா என்று லேபிள் என்று சில்லறை வேலைகள் வேறு. உபரிப் பொருள் கேட்ட நாளில் கேட்ட அளவில் கிடைக்காது என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். சில இடங்களில் கடைசியில் கடைக்குப் போய்ப் புதுசாகவே வாங்கிச் சமைக்கிறார்கள். அதில் தப்பில்லை, ஆனால் உபரி உணவு என்ற பேச்சு அங்கேயே முடிந்துவிட்டது.

இப்போது கணக்குப் பிரிவுக்காரரின் யோசனை. ஐ.நா. சுற்றுச்சூழல் அமைப்பின் 2024 அறிக்கைப்படி, 2022-இல் உலகில் 105 கோடி டன் உணவு வீணானது. அதில் 60 சதவீதம் வீடுகளில், 28 சதவீதம் உணவுச் சேவை இடங்களில். நம் கேண்டீன் அந்த 28-க்குள்தான் வருகிறது. வாசலிலேயே மிச்சம் இருக்கும்போது வெளியே போய் வேறொருவர் மிச்சத்தை நறுக்குவது கொஞ்சம் வேடிக்கைதான்.

இந்த வழிக்கு ஏப்ரனும் குழுப்படமும் தேவையில்லை. பரிமாறும் மேசைக்கு வராமல் உள்ளேயே இருந்த உணவை மட்டும் எடுக்க வேண்டும். மூடிபோட்ட பாத்திரம், தெர்மாமீட்டர், தினமும் அதே நேரத்துக்கு வந்து எடுத்துப் போகும் ஆள், அவ்வளவுதான். யாருக்காவது வயிற்றுக்கு ஒத்துக்கொள்ளாமல் போனால் வழக்கு வருமே என்று சட்டப் பிரிவு தயங்கும். அமெரிக்காவில் நல்லெண்ணத்தோடு கொடுப்பவர்களைக் காக்க 1996-லேயே தனிச்சட்டம் வந்துவிட்டது. இந்தியாவில் உபரி உணவைச் சேகரித்து வழங்குவதற்கு உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2019-இல் விதிமுறைகள் கொண்டுவந்தது. உங்கள் ஊர் விதியைப் படித்துவிட்டால் பாதிப் பயம் போய்விடும். இதில் ஒரு வினோதமும் நடக்கலாம்: மிஞ்சுவதைத் தினமும் எடைபோட ஆரம்பித்ததும் கேண்டீன் அளவாகச் சமைக்கப் பழகிவிடும், அனுப்ப உணவு குறையும். நன்கொடை குறைந்துவிட்டது என்று யாரும் வருத்தப்பட வேண்டியதில்லை.

அப்படியானால் தொண்டு சமையலறைக்குப் போகவே வேண்டாமா? போகலாம், கட்டணம் கேட்டால் முகம் சுளிக்காமல். உழைக்கவும் செய்து பணமும் கட்டுவதா என்று ஹெச்.ஆர். கூட்டத்தில் கேள்வி வரும். முதல்முறை வருகிற ஒரு கூட்டத்துக்குக் கை கழுவுவதிலிருந்து கத்தி பிடிப்பதுவரை சொல்லிக்கொடுத்து மேற்பார்வை பார்ப்பதற்குள், பழகிய இரண்டு மூன்று பேர் அந்த வேலையைச் சத்தமில்லாமல் முடித்துவிடக்கூடும். அந்தக் கட்டணம்தான் செஃப்பின் சம்பளத்துக்கும் வண்டியின் டீசலுக்கும் போகிறது.

என்னைக் கேட்டால், கேண்டீன் உள்ள அலுவலகம் மிச்சத்தை அனுப்பும் ஏற்பாட்டை முதலில் செய்துவிட வேண்டும். அது நிலைத்த பிறகு தொண்டு சமையலறைக்கு ஆள் அனுப்பலாம். அதுவும் வருடத்துக்கு ஒருமுறை ஐம்பது பேர் போவதைவிட, அதே ஆறேழு பேர் மாதாமாதம் போவது மேல். மூன்றாவது தடவை அவர்களுக்கு யாரும் எதையும் சொல்லித்தர வேண்டியிருக்காது. சொந்த கேண்டீனில் சமைப்பதைப் பக்கத்தில் காப்பகம் இருப்பவர்களுக்கு விட்டுவிடலாம். தேதி குறிக்கும் முன் சமையலறைக்கு ஒரு ஃபோன் போட்டு எந்த வாரம் ஆள் குறைவு என்று கேளுங்கள். பண்டிகைக் காலத்தில் எல்லா நிறுவனமும் அங்கேதான் நிற்கும். அது முடிந்த அடுத்த மாதம் நறுக்க ஆள் இருக்காது.